முதலில் கால்களை எண்ணுங்கள்: பழைய ஜாய்ஸ்டிக்கை எஸ்-100 கணினியில் மாட்டுவது பற்றி

கேள்வி இதுதான்: "ஆல்டேர் 8800 மாதிரியில் ஒரு எஸ்-100 கணினி கட்டிக்கொண்டிருக்கிறேன். க்ரோமெம்கோவின் டி+7ஏ போர்டு கிடைத்துவிட்டது. அதோடு சேர வேண்டிய ஜேஎஸ்-1 ஜாய்ஸ்டிக் கிடைக்கவில்லை. பழைய பிசியின் 15 பின் ஜாய்ஸ்டிக் ஒன்றும் அட்டாரி ஜாய்ஸ்டிக் ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. இவற்றில் எதையாவது மாட்டலாமா? எல்லாமே ஜாய்ஸ்டிக்தானே, ஏன் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை?"

இரண்டையுமே மாட்டலாம். ஆனால் பிளக்கை மட்டும் மாற்றினால் இரண்டுமே வேலை செய்யாது. பிசி ஜாய்ஸ்டிக்கைத் திறந்து உள்ளே ஒயரை மாற்றிப் பற்றவைக்க வேண்டும். அட்டாரிக்கு வெளியே ஒரு ஐசி வைத்த சின்ன சர்க்யூட் வேண்டும். எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

"எல்லாமே ஜாய்ஸ்டிக்தானே" என்பது பார்க்கிறவர் கண்ணுக்கு. கணினியைப் பொறுத்தவரை ஜாய்ஸ்டிக் என்று ஒரு பொருளே கிடையாது. அதற்குத் தெரிவது ஒரு வோல்டேஜ், அல்லது ஒரு கால அளவு, அல்லது திறந்தோ மூடியோ இருக்கும் ஒரு சுவிட்ச். 1970களின் கடைசியில் இந்த மூன்று வழிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புழக்கத்துக்கு வந்தன. உங்கள் கையில் இருக்கும் மூன்று பொருள்களும் மூன்று வேறு வழிகளைச் சேர்ந்தவை.

ஜேஎஸ்-1 கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் அட்டையில் வந்த ஆல்டேரில் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும்தான். ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஹாரி கார்லண்டும் ரோஜர் மெலனும் தொடங்கியது க்ரோமெம்கோ. அவர்கள் தங்கியிருந்த க்ரோதர்ஸ் மெமோரியல் விடுதியின் பெயரைச் சுருக்கிக் கம்பெனிக்கு வைத்தார்கள். கார்டுகளைச் செருகும் ஆல்டேரின் நூறு பின் இணைப்புக்கு, அதாவது பஸ்ஸுக்கு, எஸ்-100 என்ற பெயரும் இந்த இருவர் வழியாக வந்ததுதான். 1976 பிப்ரவரியில் டாஸ்லர் என்ற வண்ணக் கிராஃபிக்ஸ் போர்டை அதே பத்திரிகையில் அறிமுகப்படுத்தினார்கள். 64க்கு 64 புள்ளிகளில் எட்டு வண்ணம். இன்றைக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வீட்டு டிவியில் தன் கணினி வண்ணம் காட்டுவதை அதற்கு முன் எந்த ஹாபிக்காரரும் பார்த்ததில்லை.

திரையில் ஒன்று நகர்ந்தால் அதைக் கையால் நகர்த்த வேண்டும் என்று மனசு கேட்கும். இது ஆல்டேரோடு தொடங்கிய ஆசை இல்லை. 1962இல் எம்ஐடியில் பிடிபி-1 கணினியில் ஸ்பேஸ்வார் விளையாடியவர்களுக்கு முன்பலகைச் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி முழங்கை வலித்துப்போக, அவர்களில் ஆலன் கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் தனிப் பெட்டி செய்து கொடுத்தார்கள். அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை என்று ஜேஎஸ்-1ஐச் சொல்லலாம். டாஸ்லருக்கும் ஒரு ஸ்பேஸ்வார் வந்தது. அதற்கு இரண்டு ஜேஎஸ்-1 தேவை.

ஜேஎஸ்-1 பெட்டியில் ஒரு கம்பு, நாலு பட்டன், கூடவே ஒரு குட்டி ஸ்பீக்கரும் அதற்கான ஆம்பிளிஃபையரும் இருந்தன. ஜாய்ஸ்டிக்கில் எதற்கு ஸ்பீக்கர் என்று தோன்றும். இந்தக் கணினிகளில் ஒலிக்கென்று உள்ளே எந்த வசதியும் இல்லை என்பதுதான் விடை. டி+7ஏ போர்டில் அனலாக் உள்ளீடு ஏழு, அனலாக் வெளியீடு ஏழு, எட்டு பிட் பேரலல் போர்ட் ஒன்று. வெளியீட்டில் ஒன்றை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டார்கள். கம்பை அசைத்தால் கப்பல் திரும்பும், சுட்டால் உங்கள் கைக்குள்ளேயே சத்தம் வரும். இன்றைய கன்ட்ரோலர்களில் ஸ்பீக்கர் வைத்துப் புதுமை என்று விற்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

இப்போது உங்கள் போர்டு அந்தக் கம்பை எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம். கம்புக்குக் கீழே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு பாட் இருக்கும். பாட் என்றால் வேறொன்றுமில்லை, ரேடியோவில் இருக்கும் வால்யூம் கண்ட்ரோல்தான். அதற்கு மூன்று கால். இரண்டு ஓரக்கால்களுக்கு நடுவே கார்பன் தடம், நடுக்கால் அந்தத் தடத்தின் மேல் ஊர்ந்து செல்லும். ஒரு ஓரத்தில் பிளஸ், மறு ஓரத்தில் மைனஸ் கொடுத்தால், நடுக்காலில் வரும் வோல்டேஜ் கம்பு நிற்கும் இடத்தைச் சொல்லும். டி+7ஏ அந்த வோல்டேஜை எட்டு பிட் எண்ணாக மாற்றுகிறது. மைனஸ் 2.56இலிருந்து பிளஸ் 2.54 வோல்ட் வரை அது ஏற்கும். ஒரு படி 20 மில்லிவோல்ட். கம்பு நடுவில் இருந்தால் 0, ஒரு பக்கம் தள்ளினால் 127 வரை, மறுபக்கம் மைனஸ் 128 வரை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நடு என்பது 0 என்று வைத்தது. கம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிய ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டாம். எண்ணின் குறியைப் பார்த்தால் போதும். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அப்படியே கப்பலின் வேகத்தோடு கூட்டிக்கொள்ளலாம். ஆல்டேரின் பிராசஸரான 8080க்கு அசெம்பிளியில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நிரல் இந்த மதிப்புகளைப் படிக்கும் வாசல்கள்தான் போர்ட்கள். அவற்றின் எண்கள், பதின்ம எண்ணில்: 24இல் பட்டன்கள். கீழ் நாலு பிட் முதல் ஜாய்ஸ்டிக்குக்கு, மேல் நாலு பிட் இரண்டாவதுக்கு. அழுத்தினால் 0, விட்டால் 1. 25, 26 முதல் ஜாய்ஸ்டிக்கின் குறுக்கும் நெடுக்கும். 27, 28 இரண்டாவதன் குறுக்கும் நெடுக்கும். டாஸ்லர் விளையாட்டுகள் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் நீங்கள் எதை மாட்டினாலும், இந்த எண்களில் இந்த மாதிரி மதிப்புகள் வரவேண்டும் என்பதுதான் இலக்கு.

இவ்வளவு நல்ல வழியை மற்றவர்கள் ஏன் பின்பற்றவில்லை? காசுதான் காரணம். ஜேஎஸ்-1 கிட், அதாவது நாமே பற்றவைத்துச் சேர்க்க வேண்டிய பாகங்கள், 65 டாலர், டி+7ஏ கிட் 145 டாலர். இரண்டு பேர் விளையாட இரண்டு பெட்டி வாங்கினால் 275 டாலர் ஆகிவிடும். ஆல்டேரின் கிட் விலையே 439 டாலர்தான். கணினியின் விலையில் பாதிக்கு மேல் விளையாட்டுக்குச் செலவழிக்கப் பணக்கார ஹாபிக்காரர்கள்தான் முன்வருவார்கள்.

ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிள் 2ஐ வடிவமைத்தபோது இந்த இடத்தில்தான் தன் கைவரிசையைக் காட்டினார். பிரேக்அவுட் விளையாட்டைத் தன் கணினியில் பேசிக்கில் எழுதி ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. பேடில், அதாவது கையால் திருப்பும் குமிழ், அதற்காகவே உள்ளே வந்தது. அனலாகை எண்ணாக மாற்றும் சிப் விலை அதிகம். சரி, வோல்டேஜை அளக்கவே வேண்டாம், நேரத்தை அளந்துகொள்வோம் என்று முடிவு செய்தார். 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 150 கிலோ ஓம் பாட் வழியாக நிரம்பவிடுவது. எதிர்ப்பு அதிகமானால் நிரம்ப அதிக நேரம் ஆகும். நாலு டைமர் அடங்கிய 558 என்ற ஒரே ஒரு மலிவான ஐசி, நாலு பேடிலுக்கும் அதுவே போதும். மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்: 49264ஆம் முகவரியைத் தொட்டால் டைமர் ஓட ஆரம்பிக்கும், 49252ஐப் பார்த்துக்கொண்டே எண்ண வேண்டும், டைமர் நின்றதும் எண்ணுவதை நிறுத்த வேண்டும். ஒரு சுற்றுக்கு சுமார் 11 மைக்ரோநொடி, அதிகபட்சம் 255 சுற்று. ஆக மொத்தம் 2.8 மில்லிநொடிக்குள் வேலை முடிந்தது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 150 கிலோ ஓமை 0.022ஆல் பெருக்கினால் 3.3 மில்லிநொடி. கணினி 2.8இலேயே எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. அதனால்தான் ஆப்பிள் பேடிலை முழுக்கத் திருப்பும்போது கடைசிக் கொஞ்சத் தூரம் எதுவும் நடக்காமல் 255லேயே நிற்கும். பலர் இதைப் பழுது என்று நினைத்துப் பிரித்துப் போடுவார்கள். பழுது இல்லை. பாட்களின் எதிர்ப்பு ஒன்றுக்கொன்று கூடக் குறைய இருக்கும், எந்தப் பாட் போட்டாலும் 255 கட்டாயம் வரவேண்டும் என்றால் கொஞ்சம் மிச்சம் விட்டே ஆக வேண்டும்.

மலிவு வழிக்கு வேறொரு விலை உண்டு. எண்ணி முடிக்கும்வரை பிராசஸர் வேறெதுவும் செய்யாது. அதோடு நாலு டைமரும் ஒரே தொடுதலில் ஓட ஆரம்பிக்கும். முதல் பேடில் சீக்கிரம் முடிந்து, நீங்கள் உடனே இரண்டாவதைப் படிக்கப் போனால், அதன் டைமர் பழைய ஓட்டத்தையே இன்னும் முடித்திருக்காது. தப்பான எண் வரும். குறுக்கே அசைத்தால் நெடுக்கும் ஆடுகிறதே என்று ஆப்பிள் 2 ஜாய்ஸ்டிக்கைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் நடுவில் சின்ன இடைவெளி விட மறந்தவர்கள்.

ஐபிஎம் 1981இல் பிசியைக் கொண்டுவந்தபோது அதே நேர அளவு முறையைத்தான் எடுத்துக்கொண்டது. பாட் 100 கிலோ ஓம், கெப்பாசிட்டர் ஏறக்குறைய பாதி, போர்ட் 513. அந்தப் போர்ட்டில் எதையாவது எழுதினால் டைமர் ஓட்டம் தொடங்கும், கீழ் நாலு பிட்டில் நாலு அச்சு, மேல் நாலு பிட்டில் நாலு பட்டன். ஆப்பிளில் எல்லா மெஷினும் ஏறக்குறைய ஒரே வேகம். பிசியில் அப்படி இல்லை. 4.77 மெகாஹெர்ட்ஸில் எண்ணும்படி எழுதிய விளையாட்டை வேகமான மெஷினில் போட்டால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். அதைச் சமாளிக்க வேகத்தைத் திருகிச் சரிசெய்ய ஒரு குமிழ் வைத்த கேம் கார்டுகள்கூட விற்றார்கள். ஒவ்வொரு விளையாட்டும் தொடங்கும்போது "மேல் இடது மூலைக்குத் தள்ளி பட்டனை அழுத்து" என்று கேட்டுக்கொண்டிருந்ததற்கும் இந்த முறைதான் மூலகாரணம்.

இங்கேதான் கால் எண்ணிக்கை முக்கியமாகிறது. நேரத்தை அளக்கும் முறைக்குப் பாட்டின் இரண்டு கால் போதும்: ஒரு ஓரம், நடு. மூன்றாவது கால் சும்மா கிடக்கும். அப்போது கணினி அளப்பது பாட்டின் எதிர்ப்பை. அது வயதாக ஆக மாறும், வெயிலுக்கு மாறும், புதிதாக வாங்கும்போதே 20 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். மூன்று காலும் இணைத்திருந்தால் அளப்பது விகிதத்தை. பாட் 100 கிலோ ஓமா 80 கிலோ ஓமா என்பது அங்கே விஷயமே இல்லை. நடுக்கால் பாதித் தூரத்தில் இருந்தால் பாதி வோல்டேஜ்தான் வரும். ஜேஎஸ்-1 மாதிரி மூன்று கால் ஜாய்ஸ்டிக்குகள் நாற்பது வருஷம் கழித்தும் நடுவை ஓரளவு சரியாகக் காட்டுகின்றன என்றால் காரணம் இதுதான்.

மூன்று கால் முறையை மலிவாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1980இல் வந்த டிஆர்எஸ்-80 கலர் கம்ப்யூட்டர் எண்ணை வோல்டேஜாக்கும் ஆறு பிட் மாற்றி ஒன்றையும் ஒப்பீட்டு சர்க்யூட் ஒன்றையும் வைத்து, மென்பொருளாலேயே வோல்டேஜைத் துழாவிக் கண்டுபிடித்தது. 0 முதல் 63 வரை எண் வரும். பிபிசி மைக்ரோ 1981இல் அதற்கென்றே ஒரு மாற்றிச் சிப்பை உள்ளே வைத்தது. துல்லியம் நிறைய, வேகம் குறைவு. ஒரு அளவுக்குச் சுமார் 10 மில்லிநொடி. விளையாட்டைவிட ஆய்வகத்தில் வெப்பநிலை அளக்கத்தான் அந்தப் போர்ட் அதிகம் பயன்பட்டது என்று சொல்வார்கள். 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது இந்த மெஷின்தான். அந்த வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பின்பக்கம் இருந்த அந்த 15 பின் சாக்கெட் ஞாபகம் வரலாம். அதுவும் பிசி கேம் போர்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே சம்பந்தமே இல்லை.

அட்டாரி இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று விட்டது. உள்ளே ஐந்து சுவிட்ச்: மேலே, கீழே, இடது, வலது, சுடு. பாட் இல்லை, அளவு இல்லை, நடு என்று எதையும் சரிசெய்யத் தேவையில்லை. அந்த ஒன்பது பின் பிளக் அட்டாரி 800, விக்-20, கமோடோர் 64, அமிகா என்று எல்லாவற்றிலும் ஏறியது. இதில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு, ஒளிக்கவில்லை: புதிர்ப்பாதை விளையாட்டுக்கும் தாவுகிற விளையாட்டுக்கும் அட்டாரி மாதிரி வேறொன்று இல்லை. விமானம் ஓட்டவும் குறிபார்க்கவும் அது உதவாது. ஆப்பிள் 2 அனலாக் கம்பை வைத்துக்கொண்டு புதிர்ப்பாதையில் ஓடிப் பார்த்தவர்கள் திட்டியதும் நியாயம், அட்டாரி கம்போடு விமானம் ஓட்டியவர்கள் திட்டியதும் நியாயம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் பிசி ஜாய்ஸ்டிக்.

அதைத் திறந்து உள்ளே பாட் இருக்கிறதா என்று பாருங்கள். 1990களின் நடுவில் வந்த சில 15 பின் ஜாய்ஸ்டிக்குகள் டிஜிட்டலாகப் பேசுபவை, பாட் இருக்காது. அப்படி இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பாட் இருந்தால் மல்டிமீட்டரை நடுக்காலிலும் ஒரு ஓரக்காலிலும் வைத்து, கம்பை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அசைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 0இலிருந்து 100 கிலோ ஓம் வரை போனால் நல்லது. நடுக்கால் ஒரு ஓரக்காலோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தால் அதைப் பிரித்துவிட வேண்டும்.

பிறகு இரண்டு பாட்டிலும் சும்மா கிடக்கும் மூன்றாவது காலுக்கு ஒரு புது ஒயர். ஒரு ஓரம் பிளஸ் 5 வோல்ட், மறு ஓரம் மைனஸ் 5 வோல்ட், நடுக்கால் டி+7ஏ சேனலுக்கு. ஆனால் நேரடியாகக் கொடுத்தால் நடுக்காலில் 5 வோல்ட் வரை வரும். போர்டு ஏற்பது அதில் பாதி. அதனால் ஒவ்வொரு ஓரத்திலும் 51 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். மொத்தம் 202 கிலோ ஓமில் 100 மட்டும் பாட்டின் பங்கு. 10 வோல்ட்டில் சுமார் 4.95. நடுவிலிருந்து இருபுறமும் 2.48 வோல்ட். போர்டின் எல்லைக்குள் சரியாக உட்காரும். அளந்து பார்த்தபோது உங்கள் பாட் 100 இல்லை என்றால் அதே விகிதத்தில் ரெசிஸ்டரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல். 100 கிலோ ஓம் பாட்டிலிருந்து வரும் வோல்டேஜ் பலமில்லாதது. நீளமான கேபிள் வழியாக வந்தால் ஆடும். நடுக்காலுக்கும் போர்டுக்கும் நடுவே, வோல்டேஜை மாற்றாமல் பலமாக்கிக் கொடுக்கும் ஒரு ஆப்-ஆம்ப் ஐசியை (பஃபர்) வைத்தால் அமைதியாகிவிடும். அல்லது பாட்டையே கழற்றி 10 கிலோ ஓம் போட்டு, 51க்குப் பதிலாக 5.1 கிலோ ஓம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், நாற்பது வயதுக் கார்பனோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. சென்னையில் இருந்தால் ரிட்சி தெருவில் 10 கிலோ ஓம் பாட் எளிதாகக் கிடைக்கும். லீனியர் என்று கேட்டு வாங்குங்கள். ஒலிக்கு வரும் லாக் பாட்டைப் போட்டால் கம்பு ஒரு பக்கம் தூங்கும், மறுபக்கம் பாயும்.

ரேடியோ கன்ட்ரோல் விமானத்தின் டிரான்ஸ்மிட்டர் கம்பைப் போடலாமா என்றும் அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். அந்தக் காலத்திலேயே இந்த உறவு உண்டு. ஆப்பிளுக்கும் ஐபிஎம்முக்கும் ஜாய்ஸ்டிக் விற்ற கிராஃப்ட் முதலில் ரேடியோ கன்ட்ரோல் கம்பெனிதான். கம்பின் ஆட்டம் அருமையாக இருக்கும். ஆனால் பாட் முழுக்கத் திரும்பினால் ஏறக்குறைய 300 பாகை, கம்பு அதைத் திருப்புவது சுமார் 60 பாகைதான். அதாவது ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜ்தான் கைக்கு வரும். இருபுறமும் 5 வோல்ட் கொடுத்தால் 1 வோல்ட்தான் ஆடும், எண் 50ஐத் தாண்டாது. ஓரங்களுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 2.4 வோல்ட் வரும், கச்சிதம். ஆனால் கம்பின் பிடி உடைந்து பாட் சுற்றிக்கொண்டால் 12 வோல்ட்டும் போர்டுக்குள் போகும். நடுக்காலில் 10 கிலோ ஓம் ஒன்றைத் தொடரிலும், போர்டு பக்கம் 5 வோல்ட்டுகளை நோக்கி இரண்டு டயோடும் போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

வோல்டேஜை எங்கிருந்து எடுப்பது? எஸ்-100 பஸ்ஸில் வருவது ஒழுங்குபடுத்தாத பிளஸ் 8 வோல்ட்டும் இருபுறமும் 16 வோல்ட் சொச்சமும். ஒவ்வொரு கார்டும் தனக்கான ரெகுலேட்டரைத் தானே வைத்துக்கொள்ளும். அதனால் சின்ன பெர்ஃப் போர்டில் (துளைப் பலகையில்) பிளஸ் 5க்கு 7805, மைனஸ் 5க்கு 7905 ரெகுலேட்டர் வைத்து நீங்களே எடுத்துக்கொள்வது நல்லது.

பட்டன்கள் சுலபம். பிசி ஜாய்ஸ்டிக்கில் பட்டன் கிரவுண்டுக்கு மூடும். போர்ட் 24உம் அழுத்தினால் 0 என்றே எதிர்பார்க்கிறது. 2, 7 பின்கள் பட்டன், 4, 5 கிரவுண்ட். ஒவ்வொரு பிட்டிலிருந்தும் பிளஸ் 5க்கு 4.7 கிலோ ஓம் ஒன்று. ஜேஎஸ்-1இல் நாலு பட்டன், உங்களிடம் இரண்டுதான் இருக்கும். மீதிக்குப் பெட்டியின் மேல் இரண்டு பட்டன் துளையிட்டுப் பொருத்துங்கள்.

அப்புறம் அட்டாரி. அதன் ஐந்து சுவிட்சும் ஒரே பொதுக்காலைப் பகிர்கின்றன: 8ஆம் பின். மேல் 1, கீழ் 2, இடது 3, வலது 4, சுடு 6. எல்லாம் கிரவுண்டுக்கு மட்டுமே மூட முடியும் என்பதால், வலதுக்குப் பிளஸ், இடதுக்கு மைனஸ் என்று நேரடியாக ஒயர் இழுக்க முடியாது. இதற்கு ஒரு ஆப்-ஆம்ப் கழித்தல் சர்க்யூட் போதும். இடது, வலது இரண்டையும் 10 கிலோ ஓம் வழியாக பிளஸ் 5க்கு இழுத்து வையுங்கள். இடதுக் கோட்டை 100 கிலோ ஓம் வழியாக ஆப்-ஆம்ப்பின் பிளஸ் காலுக்கும், வலதுக் கோட்டை இன்னொரு 100 வழியாக மைனஸ் காலுக்கும் கொடுங்கள். பிளஸ் காலிலிருந்து கிரவுண்டுக்கு 51, வெளியீட்டிலிருந்து மைனஸ் காலுக்கு 51. கையை எடுத்தால் இரண்டும் சமம், வெளியீடு 0. வலது அழுத்தினால் பிளஸ் 2.4 பக்கம், இடது அழுத்தினால் மைனஸ் 2.3 பக்கம். கீழ், மேல் இரண்டுக்கும் இன்னொன்று. டிஎல்072 ஒரே ஐசியில் இரண்டு ஆப்-ஆம்ப் இருப்பதால் ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு ஐசி. ஐசிக்கு இருபுறமும் 12 வோல்ட் கொடுங்கள். திசை தலைகீழாக வந்தால் இரண்டு கோட்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிச் செய்தால் முழுச் சாய்வு மட்டும்தான் வரும், அரைச் சாய்வு வராது. ஸ்பேஸ்வாருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. கோடு வரையும் நிரல்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒன்பது பின் பிளக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் ஜாய்ஸ்டிக் ஆசை ஒன்றோடு நிற்காது, அடுத்து ஆப்பிளோ டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ கணினியோ வாங்குவீர்கள். டிஐ-99/4ஏ அதே பிளக்கை வேறு இணைப்போடு பயன்படுத்துகிறது. ஒரே சாக்கெட்டில் இரண்டு ஜாய்ஸ்டிக். ஆப்பிள் 2இ பின்பக்கமும் ஒன்பது பின்தான், அங்கே 2ஆம் பின் பிளஸ் 5 வோல்ட், 3ஆம் பின் கிரவுண்ட். இப்போது அட்டாரி கம்பை அதில் மாட்டி, கீழ்-இடது மூலைக்குத் தள்ளினால் என்ன ஆகும்? 2உம் 3உம் ஒரே நேரத்தில் 8ஆம் பின்னோடு சேரும். பிளஸ் 5 நேராகக் கிரவுண்டில் ஷார்ட். நேர்த் திசைகளில் அசைக்கும்வரை ஒன்றும் தெரியாது, மூலைக்குப் போனதும் மெஷின் படக்கென்று அணைந்துவிடும். நான் இதைச் செய்திருக்கிறேன். பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொண்டு அணைந்ததால் தப்பித்தேன். ஏன் அணைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு மாலை ஆனது.

பழைய பாட் கரகரத்தால், அதாவது கம்பை அசைக்காமலே எண் குதித்தால், முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு ஐம்பது தடவை ஆட்டுங்கள். பாதிக்குப் பாதி சரியாகிவிடும். அட்டாரி கம்பில் திசை வேலை செய்யாவிட்டால் உள்ளே போர்டில் ஒட்டியிருக்கும் குவிந்த உலோகத் தகடுகளைத் துடைக்க வேண்டும். கம்பின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உடைந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் பற்றவைத்த பிறகு விளையாட்டைப் போட்டுவிடாதீர்கள். கேபிளைப் போர்டில் செருகாமலே, நடுக்கால் வோல்டேஜை மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டு கம்பை நாலு மூலைக்கும் தள்ளுங்கள். 2.5ஐத் தாண்டவில்லை என்றால் மட்டும் செருகுங்கள். பிறகு 25, 26 போர்ட்களைப் படித்து அச்சிடும் நாலு வரி பேசிக் நிரல் ஒன்று. பேசிக்கில் மைனஸ் எண்கள் 128இலிருந்து 255 வரை தெரியும், பயப்பட வேண்டாம். 255 என்றால் மைனஸ் 1. கையை எடுத்ததும் 0 வராமல் 4 அல்லது 251 மாதிரி ஏதாவது வந்தால் அது பாட்டின் இயல்பு. ஓரத்தில் போட்ட இரண்டு ரெசிஸ்டரில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதைவிடக் கொஞ்சம் பெரிய டிரிம்மர் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்துத் திருகினால் 0க்கு வந்துவிடும்.

இரண்டு அச்சும் 0 காட்டியதும் டாஸ்லர் விளையாட்டை ஏற்றுங்கள்.